உன் தோளில் இருந்த மண்மூட்டை

அன்பு மச்சான் தவராசாவுக்கு,

நீ இருந்திருந்தால் இப்போது என்னைப் பார்த்து வயிறு குலுங்கச் சிரித்திருப்பாய். உன்னோடு சண்டை பிடித்த அதே அணைக்கட்டில், கொளுத்தும் வெயிலில், ஒரு மண்மூட்டையைக் கழற்றிவிட்டு அந்த இடைவெளிக்குக் காவல் இருக்கிறேன். கொப்பியை மடியில் வைத்து எழுதுகிறேன், கோணல் எழுத்தைப் பொறுத்துக்கொள்.

மேற்கே உன்னிச்சைப் பக்கம் கறுத்துக்கொண்டு வருகிறது. மேலே மழை விழுந்தால் விலாங்கு மீன் ஆற்றோடு இறங்கும் என்பாய். இறங்குமா? இன்றைக்கே இறங்க வேண்டும் மச்சான். இன்று என் வயலுக்கான முறைத் தண்ணீர். நாளை விடிந்தால் மற்றவர்களின் முறை, இதை அடைத்துவிடுவார்கள்.

மழை குறைந்த சிறுபோகத்தில் ஆற்றுக்குக் குறுக்கே மூட்டை அடுக்கி, சொட்டு விடாமல் வாய்க்காலுக்குத் திருப்புவது நமக்குப் புதிதில்லை. நீ ஒருத்தன்தான் அதைக் குற்றமாகப் பார்த்தாய். "விலாங்கு முட்டையிடக் கடலுக்குப் போகணும் மச்சான். ஆத்தால இறங்கி, வாவிக்குள்ள போய், முகத்துவாரத்தால வெளிக்கிடணும். ஒரு மூட்டை அகலம் விடு" என்று கெஞ்சினாய். "விலாங்குக்கு பஸ் விடச் சொல்லுறியா?" என்று கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். வயல்காரர் எல்லாரும் சேர்ந்த கமக்காரர் அமைப்புக்கு நான் செயலாளர், நான் பகிடி விட்டால் சிரிக்கத்தானே செய்வார்கள்.

பிறகு ஒரு விடியற்காலை, தோளில் மூட்டையோடு உன்னைப் பிடித்தேன். கூட்டத்தில் எல்லார் முன்னாலும் "தண்ணிக்கள்ளன்" என்றேன். கீழே வலை கட்டி மீன் பிடிக்கத்தான் மூட்டையை எடுக்கிறாய் என்றும் சொன்னேன். தங்கையின் புருஷன் என்றுகூடப் பார்க்கவில்லை. நீ ஒரு வார்த்தை பேசாமல் எழும்பிப் போனாய். அடுத்த மாதமே நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனவன் திரும்பி வரவில்லை. செத்த வீட்டில் தங்கச்சி புவனா என் முகத்தைப் பார்க்கவில்லை.

இந்தப் போகம் மூட்டையைத் தொட ஆளில்லை. போன கிழமை முறை மாறி வாய்க்கால் வற்றியபோது, அதன் கடைசியில் இருக்கும் என் வயலுக்குப் போனேன். சேற்றில் கை மொத்தத்தில் விலாங்குகள். பாதி செத்துவிட்டன, பாதி வாயைத் திறந்தபடி கிடந்தன. ஆற்றில் இறங்கி வந்தவை மூட்டையில் முட்டி, வாய்க்காலுக்குள் திரும்பி, என் வயல் வட்டையில் வந்து வழி முடிந்து கிடக்கின்றன. உயிர் இருந்த ஒன்றை வாளியில் போட்டுக்கொண்டு ஆற்றுக்கு ஓடினேன். வழியிலேயே அசைவு நின்றுவிட்டது. உன் செத்த வீட்டில் அழாத நான் அந்த வாளியைப் பார்த்து அழுதேன் மச்சான்.

தண்ணீரைப் பங்கிடுகிற வட்டை விதானையாரிடம் போய், ஒரு மூட்டை அகலம் திறந்துவிடக் கேட்டேன். "ஊர்த் தண்ணியக் கேக்காத. உன்ட முறைய வேணுமெண்டா ஆத்துக்கு விடு. மறுகா வயல் காயுது எண்டு என்னட்ட வராத" என்றார். "ஓம்" என்றுவிட்டேன். பயிர் கதிர் தள்ளப்போகும் குடலைப் பருவத்தில் நிற்கிறது, இன்றைய தண்ணீர் தவறினால் பாதி பதர்தான். தெரிந்துதான் செய்தேன். அக்கரையில் இரண்டு பேர் நின்று இந்த இடைவெளியையே முறைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

மத்தியானம் புவனா வந்தாள். எத்தனை மாதத்துக்குப் பிறகு! சோற்றுப் பார்சலை வைத்துவிட்டு, நான் தூர எறிந்திருந்த மூட்டையைப் பார்த்தாள்.

"இப்பிடி எறியக் கூடாது அண்ணன். அவர் பக்கத்திலயே வைப்பார். மறுகா தூக்கி வைக்க லேசு."

"தூக்கி வைக்கவா?"

"ஓம். இருட்டோட போய் எடுப்பார். விடியக்குள்ள திருப்பி வைச்சுப்போட்டுத்தான் வீட்ட வருவார். ஆக்களுக்குத் தண்ணி குறையப்படாதாம். வலை ஒரு நாளும் கொண்டு போகல்ல."

மச்சான், அன்று நீ மூட்டையை எடுக்கவில்லை. திருப்பி வைக்கத்தான் தூக்கி வந்தாய். ஏன் சொல்லவில்லை? நான் நம்பமாட்டேன் என்றா? இல்லை, மச்சானைச் சபையில் பொய்யனாக்கக் கூடாது என்றா?

மழைத்துளி கொப்பியில் விழத் தொடங்கிவிட்டது. விலாங்கு இன்னும் வரவில்லை. புவனா எழும்பாமல் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

மாரி பிறக்கும்வரை என் முறை ஒவ்வொன்றும் ஆற்றுக்குத்தான். பெரும்போகக் கூட்டத்தில், உன்னைத் திட்டிய அதே இடத்தில் நின்று, பொய் சொன்னவன் நான் என்று சொல்வேன். அடுத்த சிறுபோகத்தில் எல்லாருடைய முறையிலும் விலாங்குக்கு ஒரு மூட்டை அகலம் கேட்பேன். தரமாட்டோம் என்றால், இருட்டோடு வந்து எடுப்பேன், விடியும்போது திருப்பி வைப்பேன். பிடித்தால் பிடிக்கட்டும், உனக்கு வைத்த பெயரை எனக்கு வைக்கட்டும்.

தண்ணிக்கள்ளன்,
உன் மச்சான் கணபதி