உடன்பிறந்தோர் சலுகை

மார்ச் 6
பத்திரம் எழுதுபவர் இன்றும் கையை விரித்துவிட்டார். அப்பா எங்கள் இருவருக்கும் விட்டுப்போன வீடு. தம்பி தன் பாதியை எனக்கு விட்டுக்கொடுக்கிறான். விற்பனையா, வியாபாரமா? ஆனாலும் இனி இதற்கும் விற்பனைக்கு உண்டான முழுச் சொத்து மாற்று வரியே விழலாமாம்.

"கூடப்பொறந்தவங்களுக்கான பழைய வரிச் சலுகை இருக்கா, போச்சான்னு ஆபீஸ்லயே யாருக்கும் தெரியலம்மா. இப்ப பதிஞ்சா பின்னாடி நோட்டீஸ் வரும். பொறுங்க."

பொறுக்கிறேன். ஜூலையில் தம்பி குடும்பத்தோடு வெளிநாடு போகிறான். அதற்குள் முடியாவிட்டால் வீட்டை விற்றுப் பங்கு பிரிப்பது என்று பேச்சு.

மார்ச் 9
ஞாயிறு. யாரும் வரவில்லை. ரேடியோவோடு சண்டை போட்டேன்.

மார்ச் 21
வேலை பார்க்கும் மூக்குக் கண்ணாடிக் கடையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு நகர மன்றத்துக்குப் போனேன். சலுகையை வைப்பதா எடுப்பதா என்று முடிவு செய்வது மன்றம்தானாம். முழு வரி என் சம்பளத்துக்கு ஆகாது என்று யாரிடமாவது சொல்ல வேண்டுமே. குமாஸ்தா, "உங்க கவுன்சிலர்கிட்ட சொல்லுங்க" என்றார். வார்டைச் சொன்னதும் சிரித்துவிட்டார். "உங்களுக்குத்தான் ஆளே இல்லையே!"

இல்லைதான். சாக்கடையைச் சரிசெய்யாத கோபத்தில் போன தேர்தலில் எங்கள் வார்டில் ஒருவர்கூட மனுப் போடவில்லை. போடக் கிளம்பியவரையும் பேசித் திருப்பி அனுப்பினோம். எங்கள் தெரு ஒற்றுமையாகச் செய்த ஒரே காரியம். எதிர்வீட்டுத் தையல்காரி வீட்டுக்கு வீடு கறுப்புக் கொடி தைத்துக் கொடுத்தாள். எதிரிக்குச் சகுனத்தடை என்று மூக்கை அறுத்துக்கொண்ட கதை.

ஏப்ரல் 2
தம்பி போன். "உனக்கு எழுதிக் குடுக்கத்தான் ஆசைக்கா. முழு வரின்னா என்ன பண்ணுவ?"

என்ன பண்ணுவேன்? அவன்மேல் கோபமில்லை. இருந்தால் தேவலை.

மே 14
மன்றத்தில் வாக்கெடுப்பு. பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். சலுகை வேண்டும் என்று கை தூக்கியவர்களும் வேண்டாம் என்றவர்களும் சரிபாதி. தலைவர் வேண்டாம் பக்கம் சாய்ந்தார். அவ்வளவுதான்.

நடுவில் ஒரு நாற்காலி காலி. எங்கள் வார்டினுடையது. யாரோ அதன்மேல் ஈரக் குடையை வைத்திருந்தார்கள். ஒரு கை... ஒரே ஒரு கை போதும்டா சாமி! அதுகூட இல்லாம போச்சே!

பஸ்ஸில் அழுதேன். பக்கத்தில் இருந்தவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஜூன் 30
விற்றாயிற்று. கையெழுத்துப் போடும்போது தம்பி என் முகத்தைப் பார்க்கவில்லை. நகரத்தின் மறுகோடியில் எனக்கு ஒரு வாடகை அறை. குழாய்ச் சத்தம் மட்டும் துணை.

ஜூலை 11
தம்பியை வழியனுப்பிவிட்டு வந்தேன். "தினமும் வீடியோல பேசலாம்க்கா."

ஜூலை 29
பேசவில்லை. அங்கே நேரம் வேறு, பாவம்.

செப்டம்பர் 18
கடைக்குத் தையல்காரி வந்தாள். கண்ணாடிக்கு அல்ல, கையில் நோட்டீஸ் கட்டு. பழைய வார்டில் இடைத்தேர்தல், அவளே நிற்கிறாள்.

"அந்தச் சலுகையத் திரும்ப வாங்காம விடமாட்டேன்க்கா. வீட்டுக்கு வீடு உங்க கதையத்தான் சொல்றேன். அன்னிக்கு நீங்கதான் முத ஓட்டு. ஆயிரம் வேலை இருந்தாலும் வந்துடணும்."

முதலாளி பார்ப்பதையும் மறந்து என் கையைப் பிடித்துக்கொண்டே நின்றாள். ஒரு மனுஷக் கை பட்டு எத்தனை நாளாயிற்று.

வந்துடறேன் என்று தலையாட்டினேன். போன வாரம்தான் வாக்காளர் பட்டியலில் என் பெயர் வாடகை அறை இருக்கும் வார்டுக்கு மாறியது. அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.