குசினி யன்னலைச் சாத்தாதேங்கோ

இஞ்சாருங்கோ,

நல்ல நித்திரையில் இருக்கிறீர்கள், எழுப்ப மனம் வரவில்லை. வெளியே பனி கொட்டுகிறது. வீடு பஞ்சுக்குள் பொதிந்து வைத்தது போலக் கிடக்கிறது.

வீட்டுக்குள் ஏன் புகை அடிக்கிறதென்று நேற்றுப் பின்னேரம் புகைபோக்கி துப்புரவாக்குகிற மனிதர் வந்து பார்த்தார். நீங்கள் வாங்கின விறகு நன்றாகக் காய்ந்ததுதானாம். பிழை என்னில். பக்கத்து வீட்டு ஜேர்மன்காரருக்கு மணக்கக் கூடாதென்று யன்னலை இறுக்கிச் சாத்திவிட்டு, மணத்தை வெளியே இழுக்கிற குசினிக் காற்றாடியை முழு வேகத்தில் போட்டு மீன் பொரிப்பேனே, அதுதான். உள்ளே வர வேறு காற்றில்லாமல், காற்றாடி, குளிருக்கு நாங்கள் மூட்டுகிற விறகடுப்பின் புகையை வீட்டுக்குள் இழுக்கிறதாம்.

ஈர விறகென்று மூன்று நாளாய் உங்களோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. இரவே சொல்லியிருக்கலாம், வாய் வரவில்லை. விடியக் கண்ட கனவில் வீடு நிறையப் புகை. "சுகி, எங்க நிக்கிறீர்?" என்று கூப்பிட்டீர்கள். ஓம் என்று சொல்லப்போக முழிப்பு வந்துவிட்டது.

சோறும் குழம்பும் மேசையில். அடுப்பு எரியும்போது காற்றாடி போடாதேங்கோ. யன்னலை இரண்டு விரல் அளவு திறந்து விட்டிருக்கிறேன், குளிர்ந்தாலும் சாத்தாதேங்கோ.

ஐந்து மணிக்கு வருவேன்.

சுகிர்தா

பி.கு.: உங்கள் கம்பளிச் சட்டையைத்தான் போட்டுக்கொண்டு போகிறேன். மூன்று நாள் புகை அதில் மணக்கிறது. தோய்க்கச் சொன்னீர்கள். இன்றைக்கு மட்டும் இருக்கட்டும்.