தலைகளுக்குத் தலைவாரிய பெண்கள்

இன்று காலை குருசுக்குப்பத்தில் ஒரு வீட்டில், இறந்துபோன அம்மாள் ஒருவரின் முகத்துக்குப் பூச பவுடர் டப்பாவைத் திறந்தேன். அந்த ரோஜா வாசனை எழுந்ததும் உன் நினைவு வந்துவிட்டது. நீ போய் இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது.

நெல்லித்தோப்பில் நாம் சேர்ந்து நடத்திய பியூட்டி பார்லருக்குக் கல்யாணப் பெண்கள்தான் பிழைப்பு. சாவு வீட்டு அலங்காரத்தை நீதான் கொண்டுவந்தாய். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த உன் அப்பா விட்டுப்போன புத்தகங்களில், ஜப்பான் சண்டைக் கதைகளை மட்டும் திரும்பத் திரும்பப் படிப்பாய்.

முதன்முதலாக நாம் போனது உப்பளத்தில் ஒரு பெரியவரின் உடலுக்கு. பெட்டியில் வைப்பதற்கு முன் தலை வார வேண்டும். நான் சீப்பைப் பிடித்தபடி நின்றேன். சீப்பை வாங்கிக்கொண்டு கதை சொல்ல ஆரம்பித்தாய்.

"ஜப்பான்ல நூறு வருஷத்துக்கு மேல குலத்துக்குக் குலம் வெட்டிக்கிட்டாங்கடி. நாட்டை ஒண்ணாக்க ஒருத்தன் பின்னால ஒருத்தனா மூணு பேரு வந்தாங்க. மொத ஆளு துப்பாக்கியும் தீயும் வச்சுப் பாதி நாட்டைப் புடிச்சான். அவன் தளபதியே துரோகம் பண்ணி வளைச்சுட்டான். எரியற கோயிலுக்குள்ள செத்தான், ஒடம்பு கெடைக்கவே இல்ல. ரெண்டாவது ஆளு, அவனுக்குச் செருப்பு தூக்குனவன். மீதி நாட்டையும் சேத்துட்டான். ஆனா அவன் சாகறப்ப புள்ள ரொம்பச் சின்னது. மூணாவது ஆளு அதுவரைக்கும் பொறுமையா இருந்தான். பனிமூட்டத்துல ஒரே சண்டை, எல்லாம் அவன் கைக்கு வந்துடுச்சு."

"இப்ப எதுக்குடி இது?"

"அந்தச் சண்டைங்கள்ல விழுந்த தலைங்களுக்காக" என்றாய். வெட்டிய தலைகள் கோட்டைக்கு வருமாம். அவற்றைக் கழுவி, முடி சீவி, பெயர்ச் சீட்டுக் கட்டுவது அங்கிருந்த பெண்களின் வேலை. மை பூசிக் கறுத்த பல் அங்கே பெரிய இடத்து ஆளுக்கு அடையாளம். அதனால் வெள்ளைப் பல்லுக்கும் மை பூசச் சொல்லி வீரர்கள் கெஞ்சுவார்களாம், தாங்கள் வெட்டியது பெரிய தலை என்று காட்டிக்கொள்ள. அந்தப் பெண்கள் தலைகளுக்கு நடுவிலேயே படுத்துத் தூங்கினார்கள்.

"பயப்படலையா?"

"மொதல்ல பயந்திருப்பாங்க. அப்புறம் அதுங்ககிட்ட பேசப் பழகியிருப்பாங்க."

அப்போது பெரியவரின் ஒரு கண் மெல்லத் திறந்தது. நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். நீ கட்டைவிரலால் இமையை இறக்கி, ஐயா என்பதைப் பிரெஞ்சில் சொல்லி, "கொஞ்சம் பொறுங்க முசியே, முடிஞ்சிடும்" என்றாய். அவரும் பொறுத்துக்கொண்டார்.

ஒரு மத்தியானம் பார்லர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே நீ போய்விட்டாய். மாரடைப்பு என்றார்கள். "வேற யாரும் அவளைத் தொட வேணாம், நீயே பண்ணிடும்மா" என்றார் உன் வீட்டுக்காரர். கதவைச் சாத்திக்கொண்டு உன் தலையை மடியில் வைத்துச் சீவினேன். கழுத்துக்குக் கீழே வெள்ளைத் துணியால் மூடியிருந்தார்கள். ஒரு கணம், என் மடியில் தலை மட்டும் இருப்பதுபோலப் பட்டது. என்னவொரு கனம். எனக்கு அழுகை வரவில்லை. வாய் தானாக அந்தக் கதையை முதல் ஆளிலிருந்து சொல்லத் தொடங்கியது. மூன்றாவது ஆள் வந்தபோது உன் முகம் தளர்ந்து, உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்தது. இறந்தவர்களின் தசை அப்படித்தான் தளரும் என்று நீயே சொல்லியிருக்கிறாய். ஆனால் எனக்கு அது உன் சிரிப்பாகத்தான் தெரிந்தது.

அதற்குப் பிறகு எந்த உடலைத் தொட்டாலும் தணிந்த குரலில் அந்தக் கதையைச் சொல்கிறேன். இன்றும் சொன்னேன். அலங்காரம் முடிந்து கதவைத் திறந்தபோது, அந்த அம்மாளின் மகள் இரண்டு டம்ளர் காப்பியோடு நின்றிருந்தாள்.

"நான் ஒருத்திதானேம்மா வந்தேன்?"

"உள்ள ரெண்டு பேரு பேசற சத்தம் கேட்டுச்சேக்கா. காப்பி வேணுமான்னு கதவுகிட்ட நின்னு கேட்டேன். ஒருத்தங்க சக்கர வேணாம்னு சொன்னாங்களே."

அவள் கதவருகே நின்று கேட்டது என் காதில் விழவே இல்லை. சர்க்கரை இல்லாத காப்பி குடிப்பவள் நீதான்.

இரண்டு டம்ளரையும் வாங்கிக் குடித்தேன். உன் கதையை மட்டும்தான் சுமந்துகொண்டு திரிகிறேன் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.