அம்மாவுக்காக நடுங்கிய கை

அண்ணே,

இன்றைக்குப் பதுளை பஸ் ஸ்டாண்டில் இரண்டு உளுந்து வடை வாங்கினேன். சுற்றிக் கொடுத்த பழைய பத்திரிகைத் தாளில் நீ இருந்தாய். கோட்டும் டையும் போட்டு, கன்னத்தில் வடை எண்ணெய் ஊற, என்னைப் பார்த்துச் சிரித்தாய். படத்துக்கு மேலே ‘நடுங்காத கைகள்’ என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. பக்கத்தில் நின்ற பெண் ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

எழுதியவர்கள் மேல் குற்றமில்லை. நமுனுகுல தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து, நெஞ்சைத் திறந்து தைக்கிற வேலைக்குப் போன முதல் ஆள் நீ. நத்தார் பண்டிகைக்கு அறுத்த கோழியில் தங்கச்சி நான் ஈரலுக்கு அடித்துக்கொள்ள, நீ இதயத்தை மட்டும் கேட்டு வாங்கி, பிளேடால் கீறிப் பார்ப்பாய். “தின்னுடா, அதுக்குள்ள என்ன வாசலும் கதவுமா இருக்கு?” என்பாள் அம்மா. “கதவு இருக்கும்மா” என்பாய்.

அம்மாவின் கதவு பழுதானது உன் தலை நரைத்த பிறகு. நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது. படுத்தால் இன்னும் வாங்கியது. கொழும்புக்கு உன்னிடம் கூட்டி வந்தேன். “ஆபரேஷன் வேண்டும், ஆனால் நான் செய்ய மாட்டேன், என்னிடம் படித்த பெண் டாக்டர் செய்வாள்” என்றாய். வினை அங்கேதான் வந்தது. தோட்டத்து டாக்டரையா ஒருவரைத் தொடாமல் திருப்பி அனுப்பினால், கடைசிப் பூசுதலுக்குச் சுவாமியாரைக் கூட்டிவர ஆள் போய்விடும். அம்மாவுக்குத் தெரிந்த வைத்தியம் அவ்வளவுதான்.

“எம்புள்ளையே என்னையக் கைகழுவிட்டான். இனி என்னத்துக்கு வெட்டு? ஊருக்கு அனுப்பிருங்க” என்று செபமாலையோடு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள்.

“கைகழுவுறதுதானம்மா என் தொழிலே” என்று நீ பகடி விட்டாய். அவள் திரும்பவில்லை. நாள் தள்ளினால் ஆள் தங்காது என்று என்னிடம் சொல்லியிருந்தாய். நானும் கெஞ்சிப் பார்த்தேன், அதட்டிப் பார்த்தேன். மசியவில்லை.

கடைசியில் நீ கட்டில் ஓரம் உட்கார்ந்து வலது கையை அவள் முன்னால் நீட்டினாய்.

“தொட்டுப் பாரும்மா.”

தொட்டாள். கை நடுங்கிக்கொண்டிருந்தது.

“ஊரார் நெஞ்சத் தொட்டா சும்மா கெடக்கும். உன் நெஞ்ச நெனச்சாலே இப்புடி ஆடுது. நான் எப்புடிம்மா வெட்டுவேன்?”

நீ பயந்து நான் அதுவரை பார்த்ததே இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மாவுக்கோ முகம் மலர்ந்தது. இரண்டு கையாலும் உன் கையைப் பொத்திக்கொண்டாள். “எனக்காடா இந்த ஆட்டம்? அட பைத்தியக்காரா! சரி சரி, அந்தப் பொண்ணே செய்யட்டும். நீ போயி சூடா ஒரு பிளேன்டீ குடி.”

ஆபரேஷன் முடிந்து, தொண்டையிலிருந்த குழாயை எடுத்து, அவளுக்குப் பேச்சு வந்தபோது இருவரும் அருகில் நின்றோம். தண்ணீர் கேட்பாள் என்று நினைத்தேன். “அண்ணனுக்குக் கை ஆட்டம் நின்னுருச்சா?” என்று என்னிடம் கேட்டாள். நீ ஜன்னல் பக்கம் போய் வெகுநேரம் வெளியே பார்த்துக்கொண்டு நின்றாய்.

அதற்குப் பிறகு பல வருடம் இருந்தாள். கோயிலிலும் கடையிலும் உன் கை நடுங்கிய கதைதான். “இதக் கேட்டுட்டு எவன்மா என்கிட்ட நெஞ்சக் காட்ட வருவான்?” என்று நீ போனில் கத்துவாய். அடுத்த ஞாயிறும் அதே கதையைச் சொல்வாள்.

இப்போது நீங்கள் இருவரும் இல்லை. நான் நன்றாகவே இருக்கிறேன், அண்ணே. முன்பெல்லாம் பிள்ளைகளுக்கு ஒன்று என்றால் பயத்தை விழுங்கிக்கொண்டு கல் மாதிரி நிற்பேன். இப்போது சொல்லிவிடுகிறேன். போன மாதம் மகளைப் பிரசவ அறைக்குள் கொண்டு போனபோது, “எனக்குப் பயமா இருக்குடி” என்றேன். அவள் அந்த வலியிலும் சிரித்து, என் கையைப் பிடித்து, “நீ போயி உக்காரும்மா, நான் பாத்துக்கிறேன்” என்றாள்.