டோபி வீட்டுத் தரை உயரம்

1928 அக்டோபர் 9, செவ்வாய்

இன்று துரையிடம் சொன்ன ஒரு வார்த்தை என்னைத் தூங்க விடவில்லை.

ஆயர் ஈத்தாம் ஆற்றங்கரையில் துணி வெளுக்கும் டோபி வீரையா அண்ணன் வீடு கட்டப்போகிறார். வெள்ளம் ஏறிய அளவுக்கு மேல் இரண்டடி தரையைத் தூக்கினால்தான் முனிசிபாலிட்டி அனுமதி தரும். அளக்க வந்த முனிசிபாலிட்டி துரைக்கு நான்தான் மொழிபெயர்ப்பாளன். பள்ளிக்கூடத்தில் நான் உருப்படியாகக் கற்றது இங்கிலீஷ் மட்டும்தான்.

வெள்ளம் வடிந்ததும், தண்ணீர் ஏறிய இடத்தில் மஞ்சள் பூசிக் கும்பிடுவது அங்குள்ள டோபிகளின் வழக்கம். பழைய கொட்டகைத் தூணில் என் கழுத்தளவில், ஐந்தடி உயரத்தில், மஞ்சள் இருந்தது. முழங்காலளவில், ஒன்றரை அடியில், வேறொரு சிறு வெள்ளம் விட்டுப்போன வெறும் சேற்றுக் கறை. துரை மஞ்சளைக் காட்டி என்ன என்று கேட்டார்.

"தம்பி, சொல்லிடாதே லா! தரையை அவ்வளவு தூக்க மண்ணுக்கு நான் எங்க போவேன்?" என்றார் அண்ணன்.

"சாமி கும்பிட்ட மஞ்சள்" என்றேன் துரையிடம். அவர் சேற்றுக் கறையிலிருந்து அளந்து கையெழுத்துப் போட்டுவிட்டார்.

"படிப்பைப் பாதியில விட்டதுக்கே இப்படின்னா, முழுசா படிச்சிருந்தா கவர்னரையே ஏமாத்திருப்படா!" என்று அண்ணன் என் முதுகில் தட்டினார்.

அவர் மனைவி சிரிக்கவில்லை. கைக்குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டு, "தம்பி, புது வீட்டுல தொட்டில எவ்வளவு உயரத்துல கட்டட்டும்?" என்றார்.

சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

உண்மையைச் சொன்னால் அவர்கள் வீடும் என் வேலையும் போகும். அதே வெள்ளம் வந்தால் உள்ளே ஒன்றரை அடி தண்ணீர் நிற்கும். தொட்டிலை மூன்றடியில் கட்டச் சொல்லலாம்.

ஆனால் அண்ணி படுப்பது தரையில்.