ஈரம் கழித்த எடை

என் பெரியவளுக்கு,

போனில் என் வாய் தானாகவே "நல்லா இருக்கேன்" என்று சொல்லிவிடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

அடிக்கடி கீழே விழுகிற வயதானவர்களைப் பார்க்க மாதம் ஒருமுறை எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளுக்கு ஒரு நர்ஸ் வருகிறாள். "உங்க வாழ்க்கைக்கு நூத்துக்கு எவ்வளவு போடுவீங்க?" என்று கேட்டு எழுதிக்கொள்வாள். நான் எப்போதும் தொண்ணூறு என்பேன்.

போன மாதம், நான் குளியலறையில் விழுந்ததில் போட்டிருந்த கைக்கட்டைப் பார்த்துவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தாள். "இந்தக் கையோட தொண்ணூறாம்மா?"

முப்பத்தெட்டு வருஷம் கொழுந்து எடுத்தவள் நான். மழை நாளில் எடை போடும்போது, இலையில் ஈரம் என்று கங்காணி ரெண்டு கிலோ கழித்துவிடுவார். இவளும் கழிப்பாள் என்று கூட்டியே சொல்லியிருந்தேன். அதை அவளிடமே சொன்னேன்.

அவள் சிரித்துவிட்டாள். "இங்க யாரும் கழிக்க மாட்டாங்க லா. உள்ளதைச் சொல்லுங்க."

முப்பது என்றேன். முதுகுக் கூடையை இறக்கி வைத்ததுபோல இருந்தது.

அப்புறம் குளியலறையில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி வைத்துக் கொடுத்தார்கள். காலையில் பக்கத்து வீட்டு மாரியாயியோடு கோயில் வரை நடக்கிறேன். அவள் பேச்சுக்கு என் கால் ஈடுகொடுக்கிறது. நேற்று நர்ஸிடம் அறுபது என்றேன்.

விழுந்ததைச் சொன்னால் என்னை ஷா ஆலாமில் இருக்கும் உன் வீட்டுக்கே கூட்டிக்கொண்டு போய்விடுவாய் என்று பயந்தேன். போனில் சொன்னதில் எல்லாம் ஈரத்தைக் கழித்துக்கொள். இந்த அறுபதில் மட்டும் எதையும் கழிக்காதே.

உன் அம்மா