நாலு நிமிடம் அசையாமல்

மார்ச் 3

நாலாவது தகடும் போச்சு. சூரியனின் புற ஊதா ஒளியிலிருந்து ஒரே ஒரு மெல்லிய கீற்றைப் பிரித்துத் தர வேண்டிய ஹாலோகிராம் வடிகட்டி. வந்திருப்பது வெறும் கண்ணாடி. ஜன்னலுக்குப் போடலாம்.

ஜெலட்டின் பூசிய தகட்டில் இரண்டு லேசர் கற்றைகள் சந்திக்கும் அந்த நாலு நிமிடம் அறையில் காற்றுகூட அசையக் கூடாது. எதுதான் அசைகிறது?

ஆய்வகத் தலைவர் தன்மையாகத்தான் சொன்னார். "இன்னும் ரெண்டு தகடு பாருங்கம்மா. சரிவரலேன்னா வேற குழுவுக்குக் குடுத்துடலாம். உங்களுக்கும் கைக்குழந்தை..." முடிக்கவில்லை. முடித்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

மார்ச் 4

பாப்பாவுக்குப் பல். வீட்டில் ஒருத்தரும் தூங்கவில்லை.

மார்ச் 6

தடுப்பூசிக்காக லீவு. நான் இல்லாத நேரத்தில் டெக்னீஷியன் அண்ணன் ஜெலட்டின் பூசிய ஒரு துண்டுக் கண்ணாடியில் வெள்ளோட்டம் பார்த்தாராம். பிரமாதமாக வந்திருக்கிறது.

அப்போ லேசர் சரி, ஜெலட்டின் சரி. நான்தான் சரியில்லையா? என் ராசியா? இயற்பியலில் எம்.எஸ்ஸி. வாங்கிவிட்டு ராசி என்று எழுதுகிறேன், வெட்கமாக இருக்கிறது.

மூச்சை அடக்கிப் பாரேன் என்றார் இவர். பிரசவ அறையில் மூச்சை விடு, விடு என்று உயிரை எடுத்தவரும் இவர்தான்.

மார்ச் 9

ஐந்தாவது தகடு. சிவப்பு விளக்கு. மூச்சை அடக்கிக்கொண்டு மேஜை பக்கத்தில் நின்றேன். மூன்றாவது நிமிடத்தில் அண்ணன் லேசரை மூடிவிட்டு மெதுவாகக் கேட்டார்: "நோட்டு தூங்கிடுச்சாம்மா?"

பார்த்தால் — குறிப்பேடு என் தோளில். ஒரு கை அதன் முதுகைத் தட்டிக்கொண்டிருக்கிறது. நான் இடமும் வலமுமாக ஆடிக்கொண்டிருக்கிறேன்.

எட்டு மாதமாக நின்றாலே ஆடுகிறேன் போல. நான் கிளப்பிய காற்றில் கற்றைகள் கலங்கி, அஞ்சு தகடு... கடவுளே, யாருமே சொல்லலையே.

தலைவரிடம் சொல்லிவிடுவீர்களா என்று அண்ணனிடம் கேட்டதற்கு, "நான் எதுக்கும்மா சொல்றேன்? நாளைக்கு உக்காந்துக்கோங்க, போதும்" என்றார்.

மார்ச் 10

கடைசித் தகடு. நாற்காலியில் இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்தேன். மூக்கு அரித்தது. நாலு நிமிடமும் அரித்தது.

கழுவிக் காயவைத்து அளந்தோம். வரைபடத்தில் ஊசி மாதிரி ஒரே ஒரு கோடு!

தலைவரிடம் காரணத்தை நானே ஒப்புக்கொண்டேன். சிரிக்கவில்லை. வரைபடத் தாளை வாங்கி வைத்துக்கொண்டார்.

மார்ச் 12

ஆய்வகக் கதவில் விதிகள் ஒட்டியிருக்கும். மின்விசிறி கூடாது, போன் கூடாது, பேச்சு கூடாது. இன்று தலைவர் கையெழுத்தோடு நாலாவதாக ஒன்று: "உள்ளே யாரையும், எதையும் தூங்க வைக்கக் கூடாது."

பக்கத்தில் அடுத்த மாதத் தகடுகளின் அட்டவணை. பன்னிரண்டு வரியிலும் என் பெயர்.

இரண்டு தடவை நின்று படித்தேன். ஆடிக்கொண்டேதான்.